அரைப் பங்கு

என் மகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பிள்ள பழையபடி ஆயிடுவாளா?" ரொட்டிப் பாக்கெட்டையும் ஆரஞ்சுப் பையையும் மேசைமேல் வைத்து, கண்மூடி ஜெபம் செய்து, கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அலைகிறேன் என்று திருப்பிக் கேட்க நாக்கு துறுதுறுக்கும். சிலரிடம் கேட்டும் இருக்கிறேன். சபையில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். நாள் முழுக்க மலையாளத்தில் மனு எழுதினாலும் கோபம் வந்தால் தமிழில்தான் வரும். பிறந்ததும் படித்ததும் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், வாழ்க்கைப்பட்டு வந்தது திருப்புறத்துக்கு. வீட்டுக்காரர் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் இடையில் ஏதாவது சொல்ல வந்தால், "மிண்டாத இரியும்" என்பேன். வாயைத் திறக்காமல் இருங்கள் என்று அர்த்தம். அவரும் திறக்க மாட்டார். எங்கள் குடித்தனம் இத்தனை வருஷம் சுமுகமாக ஓடியதற்கு அந்த இரண்டு வார்த்தைதான் காரணம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது பள்ளிக்கூடத்து ஆட்டோ ஒரு வளைவில் கவிழ்ந்தது. மற்றப் பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவளுக்குத் தலையில் அடி, மூளையில் பலத்த காயம். ஆபரேஷன், அதற்குப் பிறகு கண் திறக்காமல் கிடந்த வாரங்கள். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எழுதினால் அழுவேன், அழுதால் கையெழுத்து கெட்டுப்போகும், தொழிலுக்கு ஆகாது.

கண் திறந்தாள். என்னைத் தெரிந்தது. மெல்ல மெல்ல உட்கார்ந்தாள், நின்றாள், வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். பேச்சும் வார்த்தை வார்த்தையாகத் திரும்பியது. வலது கை மட்டும் மணிக்கட்டில் மடங்கி, விரல்களை உள்ளே மூடிக்கொண்டு, நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. முடிவு என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். குழந்தைகளுடைய மூளை வளர்ந்துகொண்டே இருப்பது, எந்த அளவுக்கு மீண்டு வரும் என்று இப்போதே சொல்ல முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எனக்கு வாய்தா ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஆபீசில் ஒரு வேலித் தகராறு என் கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த வேலி என் வயிற்றில் பிறந்ததில்லை.

உண்மையில் எனக்கு இருந்த பயம் கையைப் பற்றியும் அல்ல, காலைப் பற்றியும் அல்ல. அவள் தானாக ஒன்றையும் தொடங்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். எழும்பு என்றால் எழும்புவாள். சொல்லாவிட்டால் அப்படியே இருப்பாள். முன்னால் டீயை வைத்தால் அது ஆடை படர்ந்து ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். "பசிக்குதா மக்கா?" என்று கேட்டால், "ஆமா." "பின்ன ஏன் சொல்லல்ல?" என்றால் மறுபடியும் டீயைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டில் பலாப்பழம் வெட்டும் வாசனை வந்தால் வேலி தாண்டிப் போனவள் இவள். அவள் கேட்டதற்கெல்லாம் இல்லை, முடியாது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே நான் களைத்துப்போன நாட்கள் உண்டு. இப்போது எதையாவது கேட்டுத் தொலைக்க மாட்டாளா என்று கிடந்து ஏங்கினேன்.

பிசியோதெரபி செய்ய ஒரு இளம்பெண் இருந்தாள். மகள் அவளைச் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டதால் வயதில் மூத்த நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். இது சோம்பேறித்தனமும் இல்லை, பிடிவாதமும் இல்லை என்று சேச்சி விளக்கினாள். எழும்பு, போ, எடு என்று நமக்கு உள்ளே இருந்து சொல்கிற இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது, அது மெதுவாகத்தான் விழிக்கும் என்றாள். அதற்கு இரண்டு விதி போட்டாள். தினமும் கொஞ்ச நேரம் நல்ல கையான இடது கையைத் துணி உறையால் மூடிவைக்க வேண்டும், அப்போதுதான் வலது கைக்கு வேலை வரும். இரண்டாவது, அவள் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும்.

உறையை என் பழைய சுரிதார் துணியில் தைத்துவிட்டேன். அது சுலபம். காத்திருப்பதுதான் எங்கள் ஊரில் நடக்காத காரியம். சுகமில்லாத பிள்ளையைச் சும்மா விடுவது எங்கள் ஆட்களுக்குப் பெரிய பாவம். அவள் "எ... எனக்கு..." என்று தொடங்கினால் போதும், சுற்றி இருக்கிற நாலு பேரும் ஒரே நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள். "தண்ணி!" "ஒண்ணுக்கு!" "உறக்கம் வருது பிள்ளைக்கு!" அவள் வாயை மூடிக்கொள்வாள். பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ஒரு அம்மா ஆரஞ்சை உரித்து, கொட்டையை எடுத்து, சுளையை நேரே இவள் வாய்க்குள் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் கத்தினேன். பாவம், பெற்றவள் துக்கத்தில் கத்துகிறாள் என்று என்னை மன்னித்தார்கள். மன்னித்தது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வீட்டுக்காரரைச் சொல்லவே வேண்டாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முன்னால் தட்டை வைத்துக் காத்திருந்தால், இவர் அடுக்களைப் பக்கமாக வந்து ஒரு உளுந்துவடையை அவள் கையில் திணித்துவிட்டுப் போவார்.

பயிற்சி அறையில் பந்து பிடித்துப் பிடித்து மகளுக்குச் சலித்துவிட்டது. நாலு பேரோடு சேர்ந்து செய்கிற மாதிரி, பிடித்து இழுக்கிற மாதிரி ஏதாவது வேலை கிடைத்தால் நல்லது என்று சேச்சி சொன்னாள். அன்றைக்கு வீட்டில் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "கரமடி இழுக்கட்டும்" என்றார். "மிண்டாத..." என்று தொடங்கிய நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். யோசனை மோசமில்லை.

கரமடி என்பது கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக இழுப்பார்கள். கயிற்றில் கைவைத்தவர் யாராக இருந்தாலும் மீனில் பங்கு உண்டு. முழுசாக இழுத்தவர்களுக்கு முழுப் பங்கு. பாதியில் வந்து பிடித்தவர்களுக்கும் பாதி பலத்தில் இழுத்தவர்களுக்கும் அரைப் பங்கு. பூவார் பொழிக்கரையில் ஒரு வலைக்காரர் என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. விஷயத்தைக் கேட்டதும், "கொண்டு வாடே, பிள்ள பிடிக்கட்டும்" என்றாராம்.

அப்படியாக ஒரு சனிக்கிழமை காலையில் படகில் காயலைக் கடந்து மணல்திட்டுக்குப் போனோம். வரிசையின் கடைசியில் மகளை நிறுத்தினோம். இடது கையால் கயிற்றைப் பிடித்தாள். வலது கையை நான் தூக்கிக் கயிற்றின்மேல் வைத்தேன். ஆட்கள் பாட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு பின்னால் பின்னால் வந்தார்கள், இவளும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தாள். களைத்தால் உட்காருவாள். நான் சொன்னால் எழும்புவாள். வலை கரைக்கு வந்து சாளையும் நெத்தோலியும் துள்ளியபோது எல்லாரும் கூச்சல் போட்டார்கள். இவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வலைக்காரர் மணலில் மீனைக் கூறு கூறாக வைத்து, இவளுக்கும் முழுசாக ஒரு கூறு வைத்தார். என் கண் நிறைந்துபோயிற்று. அடுத்த சனிக்கிழமையும் முழுக் கூறு. அதற்கடுத்ததும். எங்கள் வீட்டில் மீன் பொங்கி வழிந்தது. மகளோ கூறு கொடுத்தால் வாங்குவாள், கொடுக்காவிட்டாலும் ஏனென்று கேட்டிருக்க மாட்டாள்.

பிறகு ஒரு வாரம் வலைக்காரர் தன் மகளின் பிரசவத்துக்கென்று போய்விட்டார். பங்கு வைக்க அவருடைய அக்கா வந்தாள். எனக்கு அவளை நன்றாகத் தெரியும். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அவள்தான். அவள் மீனை நான் நேற்றைய மீன் என்பேன், என் கண்ணை அவள் பொட்டைக் கண் என்பாள். வருஷக்கணக்காக எங்களுக்குள் இப்படித்தான். அன்றைக்கு அவள் எல்லாருக்கும் கூறு வைத்துக்கொண்டே வந்து, என் மகள் முன்னால் பாதிக் கூறை வைத்தாள்.

"இது என்னது?" என்றேன்.

"பங்கு."

"இது பாதியாக்கும்."

"பாதி இழுத்தா பாதி உண்டு. பிள்ள இடது கையாலதான் இழுத்தா. மற்றக் கை கயித்து மேல சும்மா இருந்துது. நான் பாத்துட்டுதான் நின்னேன்."

"பிள்ளைக்குச் சுகமில்லன்னு உமக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா மீன் வேணும்னா கேளு, கூடை நிறையத் தாறேன். பங்குன்னு கேட்டா, இழுத்ததுக்குத்தான் பங்கு."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இத்தனை வாரமாக முழுசு கொடுத்துவிட்டு இப்போது குறைப்பது எந்த ஊர் நியாயம் என்றேன். வழக்கமாகிவிட்ட உரிமையை ஒருதலைப்பட்சமாகப் பறிக்க முடியாது என்று மலையாளத்தில் மனு வாசகமாகவே அடித்துவிட்டேன். "கோர்ட்டுக்காரி, இது உன் கோர்ட்டு இல்ல, கடப்புறமாக்கும்" என்றாள். உம் தம்பிக்கு இருக்கிற ஈரம் உமக்கு இல்லையே என்றேன். "அவன் ஒரு மண்டன். ஈரம் ஈரம்னு சொல்லி வலையக் கூடக் கொடுத்துடுவான்." இழுக்க வந்த ஆட்கள் பங்கை மறந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். வீட்டுக்காரர் இடையில் புகுந்து, "விடுங்க, ரெண்டு பேரும்..." என்று தொடங்கினார். "மிண்டாத இரியும்!" என்று நானும் அவளும் ஒரே குரலில் சொன்னோம்.

அப்போதுதான் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"முழுசு."

மகள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாதிக் கூறைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்கு... முழுப் பங்கு... வேணும்."

யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. வேணுமா என்று நான் கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை. வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவும் அங்கே ஆள் இல்லை, எல்லாரும் சண்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ கவிழ்ந்த நாளுக்குப் பிறகு என் மகள் தானாக, தனக்கென்று கேட்ட முதல் பொருள் அந்த மீதி அரைக் கூறு சாளை.

மீன்காரிக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு, "ரெண்டு கையும் போட்டு இழுத்தா முழுசு உண்டு மக்கா. அடுத்த சனியாழ்ச்ச வா" என்றாள்.

நான் மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அதுவரைக்கும் எனக்கு ஈடுகொடுத்து நின்றவள் அரண்டுபோய்விட்டாள். "எம்மா, இதுக்குப் போயா அழுவ? இந்தா, பிடி" என்று மீதிப் பாதியையும் அள்ளி எங்கள் பையில் போட வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தள்ளினேன். "வேண்டாம் அக்கா. பாதி போதும். பாதிதான் வேணும்." கூடி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் குடும்பத்தில் யாருக்குத் தலையில் அடிபட்டது என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

சேச்சியிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, ஒரே சண்டையில் மூளை சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள் என்று எச்சரித்தாள். இத்தனை மாதப் பயிற்சி உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது, வெளியே வர அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றாள். ஆனாலும் அடுத்த நாளே பயிற்சி அறையின் ஜன்னல் கம்பிக்கு மேலாக ஒரு தடித்த கயிற்றைப் போட்டு, ஒரு நுனியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டாள்.

ஒரு கதவு திறந்ததும் எல்லாக் கதவும் திறந்துகொண்டது என்று சொல்ல மாட்டேன். பல நாள் டீ பழையபடி ஆறிப்போயிற்று. ஆனால் சில நாள் ஆறவில்லை. ஒரு காலையில் அவளே இடது கை உறையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, மாட்டிவிடு என்று கையை நீட்டினாள். மரச்சீனிக் கிழங்கு வேண்டாம், இட்லி வேண்டும் என்றாள். ஆரஞ்சு கொண்டுவந்த பாட்டுக்கார அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். அந்த அம்மா முகம் வாடிப் போனார், எனக்கு ஆராதனையில் முதல் வரிசை கிடைத்த சந்தோஷம். அடுத்த மாதமே, பிள்ளை ஓயாமல் எதையாவது கேட்டுப் பிடுங்குகிறாள் என்று நானே சேச்சியிடம் புகார் சொன்னேன்.

டாக்டரும் ஒரு வழியாகத் தீர்ப்புக்குக் கிட்டத்தில் வந்தார். வலது கை முன்பிருந்த மாதிரி ஆகாது. படிப்பது மெதுவாகத்தான் இருக்கும், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டு வாங்க வேண்டும், களைத்தால் தலைவலி வரும். ஆனால் பள்ளிக்கூடம் போகலாம், தன் வேலையைத் தானே பார்க்கலாம், இன்னும் பல வருஷம் முன்னேறிக்கொண்டே இருக்கலாம். கேட்டுக்கொண்டு வந்தேன். அழுகை வரவில்லை. பழையபடி ஆவாளா என்று வாசலில் நின்று யாராவது கேட்டால், இல்லை, இவள் புதுசு என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இப்போது கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு மத்தியானம் வரை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். ஆட்டோவில்தான் போகிறாள். ஓட்டுகிறவருக்கு வளைவு வந்தால் என் முகம் நினைவுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை கரமடியை மட்டும் விடவில்லை. வலைக்காரர் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் வழக்கம்போல முழுக் கூறு வைத்தார். மகள் அதைத் தொடவில்லை. "மாமி தரட்டும்" என்றாள். மாமி என்றது மீன்காரியை. அவளும் வஞ்சகம் இல்லாமல் வாராவாரம் அரைக் கூறு வைத்தாள். வலது கை சில வாரம் கயிற்றின்மேல் கிடந்தது, சில வாரம் நழுவி விழுந்தது. விரல் ஒவ்வொன்றாக நிமிர்வதும் மடங்குவதும் கடல் வற்றுகிற வேகத்தில் நடந்தது. நான் பொறுமையாக இருந்தேன் என்று எழுதினால் வீட்டுக்காரர் சிரிப்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கடல் கொஞ்சம் மூர்க்கமாக இருந்தது, வலை கனமாக வந்தது. முன்னால் இழுத்தவர்கள் சறுக்கினார்கள், கயிறு வெடுக்கென்று கடல் பக்கம் ஓடியது. எல்லாரும் கத்திக்கொண்டு பிடித்தார்கள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. வலை ஏறியது. பங்கு வைத்துக்கொண்டு வந்த மீன்காரி, பழகிய கையோடு இவள் முன்னால் அரைக் கூறை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, மிண்டாத இரி" என்றாள் மகள். "நான் சொல்லுகேன்."

நான் மிண்டவில்லை. வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இரண்டு வார்த்தை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டாயா என்று கேட்கிற பார்வை.

மகள் எழும்பினாள். காலை இழுத்துக்கொண்டு மீன்காரியின் முன்னால் போய் நின்றாள். இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளங்கைக்குக் குறுக்கே கயிறு உரசிய தடம் சிவப்பாகக் கிடந்தது, ஓரத்தில் தோலும் கொஞ்சம் உரிந்திருந்தது. கயிறு ஓடியபோது அந்தக் கை விடாமல் பிடித்திருக்கிறது. பிடிக்காத கையில் அப்படித் தடம் விழாது.

"பாரும் மாமி," என்றாள். "இந்தக் கையாக்கும் இழுத்தது."

மீன்காரி குனிந்து பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தத் தடத்தை ஒரு விரலால் தடவினாள். மகள் "ஸ்ஸ்" என்றாள். மீன்காரி திரும்பிப் போய், தன்னுடைய கூடையிலிருந்து அல்ல, பொதுக் குவியலிலிருந்து அள்ளி அந்த அரைக் கூறை முழுசாக்கினாள். ஒரு மீன் கூடுதலும் இல்லை, ஒரு மீன் குறைவும் இல்லை. அடுத்த ஆளுக்குப் பங்கு வைக்கப் போய்விட்டாள்.

வரும் வழியில் பையை வாங்கக் கையை நீட்டினேன். மகள் தரவில்லை. உரிந்த கையால்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். பை மணலில் விழுந்தது, எடுத்தாள். படகில் ஏறும்போது மறுபடியும் விழுந்து மீன் சிதறியது. நானும் வீட்டுக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம், அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எனக்கு அன்றைக்குக் கைகளைக் கட்டிவைப்பதை விடக் கஷ்டமான வேலை இருந்திருக்காது. தானே கழுவுவதாகச் சொல்லித் தண்ணீரில் இரண்டு முறை முக்கியெடுத்துத் தந்தாள்.

மத்தியானம் தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு வைத்த சாளைக் குழம்பு. மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "மண்ணு கடிக்குதே" என்றார்.

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் நிறையச் சோற்றோடு சிரித்தாள்.

"தின்னும் அப்பா," என்றாள். "முழுப் பங்கு ஆக்கும்."